வந்தால், வந்ததும்

ஃப்ரீஸ்லாந்தில் ஒரு குறுகிய கால்வாய்.
அதன் பாலத்தைத் தூக்கி இறக்குவது
வீட்ஸ்கேயின் வேலை.
படகு ஹாரன் அடித்ததும்
சாலைக்குச் சிவப்பு விளக்கு,
தடுப்புக்கட்டை,
அப்புறம் பாலம்.
தூண்டில் கழியின் நுனியில் கட்டிய மரச்செருப்பை
தாண்டும் படகின் மேல் ஆட்டி நீட்டுவாள்.
அதில் விழும் இரண்டு யூரோ.
மற்ற நேரமெல்லாம்
சும்மா இருப்பதற்குச் சம்பளம்.

அந்தச் சும்மாவில்தான்
மடிக்கணினியில் ஒரு படக்கதை செய்யத் தொடங்கினாள்.
ஒரு பாலம், ஒரு படகு, ஒரு கறுப்புப் பூனை
(வால் மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை).

முதல் நாள் பாலத்துக்கு எழுதிய கட்டளை:
படகு வந்தால் எழு.
பச்சைக் கொடியை அழுத்தினாள்.
பாலம் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தது,
படகு இல்லை,
வேலை முடிந்ததென்று படுத்துவிட்டது.
பத்து வினாடி கழித்து வந்த படகு
பாலத்தின் வயிற்றுக்குள் புகுந்து
மறுபக்கம் வெளியே போனது,
பாய்மரம்கூடச் சாயாமல்.

மறுநாள்
ஓயாமல் கேட்கும்படி மாற்றினாள்.
வந்ததா வந்ததா வந்ததா வந்ததா
மடிக்கணினிக்கு மூச்சிரைத்தது.
விசிறிச் சத்தத்தில்
வெளியே வாத்துகள் கத்துவது கேட்கவில்லை.

டச்சு மொழியில் 'அல்ஸ்' என்று ஒரே சொல்,
சந்தேகத்துக்கும் அதுதான்
சமயத்துக்கும் அதுதான்.
நம்மிடம் இரண்டு இருக்கின்றன.
'வந்தால்' கையைப் பிசையும்.
'வந்ததும்' காதைத் தீட்டிக்கொண்டு
அசையாமல் நிற்கும்.
இருந்தும் நாமும்தான் தடுமாறுகிறோம்.

மூன்றாம் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது.
பதினோரு வருஷமாக
ஒருநாளாவது
வந்ததா வந்ததா என்று கேட்டிருக்கிறாளா?
காப்பி குடிப்பாள், காலுறை பின்னுவாள்,
ஹாரன் கேட்டதும் எழுந்திருப்பாள்.
பாலத்துக்கும் அதையே சொன்னாள்:
படகை யாராவது தொட்டதும், எழு.
எழுந்தது.
இருபது முறை தொட்டாள், இருபது முறையும்.

சனிக்கிழமை
அடுத்த மதகில் நெரிசல் என்று
ஒரு படகு கரையோரம் கட்டிக் கிடந்தது.
அதிலிருந்த யெல்டே என்ற பையன்
அறைக்குள் வந்தான், கேட்காமலே
படகைத் தொட்டான்.
அப்போது பூனை பாலத்தின் நடுவில் இருந்தது.

பாலம் எழுந்தது.
பூனை எழவில்லை.
எதுவும் நடக்காததுபோல்
வெறும் காற்றில்
கால் மாற்றிக் கால் மாற்றி
நடந்துகொண்டிருந்தது.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.
வீட்ஸ்கேயின் கை
தானாகச் சிவப்பு விளக்கின் பொத்தானுக்குப் போய்
பாதியில் நின்றது.
எழுதியவள்
எப்போதும் சரியான நேரத்தில்தான் தொடுவாள்.
பூனை நகர்ந்துவிட்டதா என்று
இருபது முறையும்
அவள் கண் பார்த்தது, பாலம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம்
பூனை அக்கரை சேர்ந்ததும்
ஒரு செய்தி அனுப்பும்படி செய்தாள்:
பூனை கடந்தது.
பாலம் காத்திருக்கவேண்டிய செய்தி:
பூனை கடந்தாச்சு.
ஒரே பொருள்தானே என்று
மனிதர்கள் சொல்லிக்கொள்ளலாம்.
பூனை சொல்லிவிட்டது.
பாலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.
படகும் நின்றது.
மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி
திரையில் ஒரு சின்னச் சாயங்காலம்.

எங்கே பிழை, எங்கே பிழை என்று
மூக்கு திரையில் படக் குனிந்திருந்தாள்.

இரண்டாவது ஹாரன்தான் அவளுக்குக் கேட்டது.

ஓடிப்போய் விளக்கைப் போட்டாள்.
தூரத்தில் ஒரு சைக்கிள்,
முன்கூடையில் கோஸும் ரொட்டியும்,
எதிர்காற்றில் மெல்ல மெல்ல.
நெம்புகோலில் கை வைத்தபடி
அவர் முழுக்கக் கடக்கும்வரை நின்றாள்.
கீழே படகுக்காரர் ஏதோ கத்தினார்.

மரச்செருப்பில் ஐம்பது சென்ட்.

உள்ளே மடிக்கணினியில்
அந்தப் படகு இன்னும் நின்றுகொண்டிருந்தது,
ஹாரன் அடிக்க
அதற்கு அவள் சொல்லித்தரவில்லை.