பலகை நாற்பத்தொன்று

படிவத்தில் ஒன்பது கட்டங்கள்.
திகதி, நேரம், காற்று,
இனம், எண்ணிக்கை, கூடு, முட்டை,
அச்சுறுத்தல், குறிப்பு.
காற்று என்ற இடத்தில் சோளகம் என்றே எழுதுகிறேன்.
வைகாசியில் நாகர்கோவிலில்
வேறு காற்று கிடையாது.
மணலைத் தூக்கிப் பல்லுக்குள் வைக்கும்.

இதே மணலில் நாலு வருஷம்
முழங்காலில் நகர்ந்திருக்கிறேன்.
முகக்கண்ணாடிக்குள் என் மூச்சு,
கையில் ஒரு சின்ன வாரி,
ஒரு நாளைக்கு இரண்டு பாய் அகல நிலம்.
வெள்ளைக் கட்டை என்றால் நடக்கலாம்.
சிவப்பு என்றால் அங்கால்
இன்னும் யாரோ புதைத்தது இருக்கிறது.
எந்தப் பக்கத்தான் என்று
மிதிவெடியில் எழுதியிருக்காது.

அந்தச் சிவப்புக்கு அங்காலதான்
முதன்முதல் உப்புக்கொத்தியைக் கண்டது.
மணலே எழும்பி ஓடுகிற மாதிரி ஓடி
நின்று,
மறுபடி மணலாய்ப் போனது.
வெடிக்கு ஐந்து கிலோவாவது வேண்டும்.
இது ஒரு தேசிக்காய்ப் பாரம்.
நாய் போகாது, மாடு போகாது, ஆள் போகாது.
எத்தனை வருஷமோ
அந்த முட்டைகளுக்கு
மண்டையோடு காவல் இருந்தது.

துப்புரவாக்கிக் கொடுத்தோம்.
கையெழுத்து, மாலை, படம்.
சனம் வந்தது. எமிலியானுஸ்
தன் வளவுக் கிணற்றைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து
விளிம்பில் குந்தியிருந்து
வாளி வரும் வரைக்கும் எழும்பவில்லை.
அதைப் பார்த்தவள் நான்.
ஒரு குருவிக்காக அந்த நாளைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.

பின்னால் உழவு இயந்திரங்கள் வந்தன.
இரவில். விளக்கு அணைத்து.
காலையில் திட்டி இருந்த இடத்தில் பள்ளம்,
பள்ளத்தில் உப்புத் தண்ணீர்.
யாரைத் திட்ட?
என் வீட்டுச் சுவரிலும்
ஏதோ ஒரு கரையின் மணல்தான்.

இன்று: உப்புக்கொத்தி, ஆறு சோடி.
போன வருஷம் பதினொன்று.
கூடு ஒன்று. முட்டை மூன்று,
பேனை மை எழுதுதா என்று
கிறுக்கிப் பார்த்த மாதிரி.
சில்லுத் தடத்துக்கும் முட்டைக்கும்
என் சாண் நாலு.

தாய் என்னைக் கண்டதும் செட்டையை முறித்துக்கொண்டது.
முறியவில்லை. நடிப்பு.
மணலில் இழுபட்டு இழுபட்டு
நான் நொண்டி, என்னைப் பிடி என்று
கூட்டிலிருந்து தூரத்துக்குக் கூட்டிப் போனது.
ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவளுடைய இடது கால்
யாழ்ப்பாணத்தில் செய்த ஜெய்ப்பூர்க் கால்.
'எனக்கு உந்தப் புழுகு தெரியாமப் போச்சு' என்றாள்.

பழைய கொட்டிலில் ஒரு பலகை கிடந்தது.
இலக்கம் நாற்பத்தொன்று.
மண்டையோடு; மூன்று மொழியில் ஆபத்து.
பொழுதுபடக் கொண்டுவந்து நட்டோம்,
நாலு மூலைக்கு நாலு சிவப்புக் கட்டை.
நானே தவழ்ந்து பார்த்து
ஒன்றும் இல்லை என்று ஒப்பமிட்ட நிலம்.

அன்றிரவு இயந்திரம் வந்தது.
நின்றது. முதல்முறையாக விளக்கைப் போட்டது.
பலகையை வாசித்துவிட்டுப்
பின்பக்கமாகவே போனது.

ஆனால் மறுநாள் காலை
எமிலியானுஸின் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில்
பலகையைக் கண்டு உறைந்து நின்றாள்.
தம்பியின் கையைப் பிடித்து,
வந்த காலடியிலேயே காலடி வைத்து
ஒவ்வொன்றாய்ப் பின்னால் போனாள்.
நான்தான் படிப்பித்தது,
அவளுடைய வகுப்பில், படம் காட்டி.

இருபத்தாறு நாள்.
குஞ்சுகள் பொரித்த அன்றே ஓடிவிட்டன.
பலகையைப் பிடுங்கினேன்.
அச்சுறுத்தல் என்ற கட்டத்தில்
மணல் என்று எழுதினேன்,
காகம் என்று எழுதினேன்,
என் பெயரை எழுதி, வெட்டினேன்.

பிள்ளைகள் இன்னும் சுற்றித்தான் போகிறார்கள்.
இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு
அவர்களுக்கு முன்னால் அந்த நிலத்தைக்
குறுக்கே நடந்து காட்டினேன்,
போய், திரும்பி, மறுபடி போய்.
மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.