கேட்பாரற்றவை

தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில்
எங்கள் ஊர்க் கணினி உட்கார்ந்திருக்கிறது.
இத்ரியிட்சா ஆறு பெருகினால்
முதலில் நனைவது அதுதான்.
அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது.
செவ்வாய்க்கிழமை நான்,
வியாழக்கிழமை ப்ரானே,
மற்ற நாட்களில் அது தன்னைத்தானே.

ஜனவரியில் இடம் நிறைந்துவிட்டது.
கூட்டம் போட்டு முடிவெடுத்தோம்:
இரண்டு வருடமாகப் பேச்சில்லாத குழுக்களுக்கு
ஒரு கேள்வி, பத்து நாள் அவகாசம்,
பதில் இல்லையென்றால் மூடிவிடலாம்.
தீர்மானத்துக்குக் கை தூக்கினால் போதும்.
பட்டியல் என் மடியில் விழுந்தது.

நாற்பத்து மூன்று.

பனிச்சறுக்கு வண்டி இரவல் கொடுப்போர்.
பாடகர் குழுவில் இரண்டாம் குரல்கள் மட்டும்
(முதல் குரல்களைப் பற்றிப் பேசத்தான் என்று நினைக்கிறேன்).
அக்ரூட் செக்குக்கு முறை வைப்போர்;
செக்கைப் பக்கத்து ஊர் வாங்கிப் போய்விட்டது.
புதுப் பாலத்தை எதிர்ப்போர்.
பாலம் வந்து எட்டு வருடம்.
எதிர்த்தவர்கள் அதன் மேல்தான்
ரொட்டி வாங்கப் போகிறோம்.

"யாராவது இருக்கிறீர்களா?"
காலி வீட்டுக் கதவைத் தட்டினால்
பக்கத்து வீட்டு நாயாவது குரைக்கும்.
இங்கே எழுதியது அப்படியே திரும்புகிறது:
அப்படி ஒருவர் இல்லை.
அப்படி ஒருவர் இல்லை.
மெதோதுக்கு அனுப்பியது மட்டும் திரும்பவில்லை.
அவரை அக்டோபரில் புதைத்தோம்.
அவருடைய பெட்டி இன்னும்
வருவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

வெள்ளக் காவல் குழு ஆறு வருடமாக ஊமை.
விதி விதிதான் என்றான் ப்ரானே.
இரவு பதினொன்றுக்கு அதே கேள்வியைத் தட்டிவிட்டேன்.
நான்கே நிமிடத்தில் இருபத்து மூன்று பேர்:
இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.
தலைக்கு மேல் தீயணைப்புத் தலைவரின் பூட்ஸ் சத்தம்,
மணல் மூட்டையை யாரோ இழுக்கும் சத்தம்.
ஆறு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.
மன்னிப்புக் கேட்டு
இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்.
அந்தக் குழுவின் பக்கம் இனி நாங்கள் போவதில்லை.

முப்பத்தொன்றாவது, ஞாயிறு நடை.
பொறுப்பாளர்: ஸ்லாவ்கா கெண்டா.
யார் இந்தக் கெண்டா என்று யோசித்ததில்
தேநீர் ஆறிப்போனது.
நான்தான்.
அந்தக் குடும்பப் பெயரை நீதிமன்றத்தில் கழற்றிக் கொடுத்து
ஒன்பது வருடமாகிறது.
விதிப்படி அவளுக்கு எழுதினேன்.
விதிப்படி பத்து நாள் காத்திருந்தேன்.
அவள் பதில் சொல்லவில்லை. மூடினேன்.

பதினேழாவதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.
அதன் பெயர்: மூரியைக் காணோம்.
கறுப்புப் பூனை, இடது காது மட்டும் வெள்ளை.
அறுபத்தொரு பேர், பதினோரு வருடம்.
முதல் இரண்டு நாளில் எழுபது கடிதம்:
ஆற்றோரம் பார்த்தேன், கிட்டே போனால் நீர்நாய்.
மரக்கடையில் பார்த்தேன், அது என் தொப்பி.
மேல்தெரு யோஜிட்சா எழுதுவது:
இரவில் கொட்டகைக் கதவைத் திறந்தே வைக்கிறேன்,
உள்ளே பழைய கம்பளி இருக்கிறது.
அப்புறம் ஒன்றுமில்லை.
வந்ததா, செத்ததா,
சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன பேச்சு.

"எந்தப் பூனையும் பதினோரு வருடம் தொலையாது,
மூடு" என்றான் ப்ரானே.

பூனைக்காரரைத் தேடிப் பிடித்தேன்.
இப்போது மாரிபோரில் பல் மருத்துவர்.
"மூன்றாம் நாளே வந்துவிட்டதே.
சொல்லவில்லையா நாங்கள்?"

மூடுவதற்கு முன்
அறுபத்தொரு பேருக்கும் ஒரே வரி:
பூனை வந்துவிட்டது.
ஐம்பத்து நான்கு திரும்பின.
ஐந்து பேர் பேசவில்லை.
ஒருவர் தன் பெயரை உடனே எடுக்கச் சொன்னார்.
யோஜிட்சா மறுநாள் காலையில் எழுதினார்:

நல்லது.
இன்றிலிருந்து கொட்டகையைச் சாத்திவிடுகிறேன்.