ஐந்து விரற்கடை

கோடியாக் துறைமுகத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
கடைக் கதவைத் தோளால் தள்ளி
சொட்டச் சொட்ட உள்ளே போனேன்.
ஹால்வார் என் வலப் புருவத்தைப் பார்த்தார்:
பிறை வடிவில் ஒரு வெட்டு, மூன்று தையல்.
துப்பாக்கிக் கடைக்காரருக்கு
அதுவே மருந்துச் சீட்டு.

"எந்த ரைஃபிள்?"
"முந்நூற்று எழுபத்தைந்து."
"எத்தனையாவது குண்டில்?"
"பதினொன்றில் உள்ளே ஏதோ கழன்றது.
பன்னிரண்டில் புருவம்."

மலிவான ஸ்கோப்தான்.
மான் சுடும் சின்னத் துப்பாக்கியில்
நாலு வருஷம் சொன்னபடி கேட்டது.
பெரியதில் ஏற்றியதும் கழுதை உதைத்த பானை.
தோட்டா முன்னே போகும்,
மற்றதெல்லாம் பின்னே வரும்.
தோள் அதற்குப் பழகிவிட்டது.
குழலுக்குள் இருந்த முடியளவு சிலுவைக்கோடு பழகவில்லை.
வைத்த குறி ஒரு பக்கம், பட்ட இடம் ஒரு பக்கம்.
அந்தக் காகிதம் கரடியாய் இருந்திருந்தால்
மூன்று தையலோடு போயிருக்காது.

ஹால்வார் முதலில் எடுத்தது
முழங்கை நீளத்தில் ஒன்று.
இருபத்தைந்து மடங்கு.
"நிலாவின் குழிகளை எண்ணலாம்."
"நான் நிலாவை வேட்டையாடுவதில்லை."
"சும்மா பாருங்கள், காசா பணமா."
துறைமுகப் பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சாம்பல். மறுபடி சாம்பல்.
ஒரு கடற்காகத்தின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்.
பாய்மரக் கயிற்றில் பிரிந்து நின்ற ஒற்றை இழை.
பிறகு நீலம்.

ஸ்பிரிடானின் படகு.
ஒன்பது வருஷம் அதன் மூக்கில் என் பெயர் இருந்தது.
சுரண்டியிருக்கிறான்.
கத்தி போன வழியெல்லாம் வெள்ளைக் கீறல்,
கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
மழை வந்திருக்கும், நிறுத்தியிருப்பான்.
எதையும் பாதியில் நிறுத்துகிறவன்தான்.

இருபத்தைந்து மடங்கில்
நாடித் துடிப்பும் இருபத்தைந்து மடங்கு.
ஒவ்வொரு அடிக்கும் படகு
கோட்டை விட்டுத் துள்ளியது.
அலையில்லை.
நான்தான்.

"ரொம்பக் கிட்ட வருகிறது" என்று திருப்பிக் கொடுத்தேன்.

போன அக்டோபரில்
ஒரு பல் மருத்துவர், ஸூரிக்கிலிருந்து வந்தவர்,
தாழ்வாய்ச் சுட்டார்.
கரடி ஆல்டர் புதருக்குள் போனது.
பின்னால் போவது வழிகாட்டியின் வேலை,
அதற்குத்தான் கூலி.
பதினைந்து தப்படியில் கிளை அசைந்தது.
ஸ்கோப் முழுக்கப் பழுப்பு மயிர்.
காதா வயிறா தெரியவில்லை.
கண்ணை எடுத்துவிட்டுக் குழலின் மேலாகப் பார்த்துச் சுட்டேன்.
இதை ஹால்வாரிடம் சொல்லவில்லை.
"கிட்டத்தில் பார்க்க வேண்டும்" என்றேன்.

இரண்டாவது, குட்டையானது.
ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரைதான்.
நேரான குழல், அலங்காரம் இல்லை,
எஃகு வளையம் இரண்டு.
கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் பதித்துத் திறந்தேன்.
ஓரத்தில் கறுப்பில்லாத முழு வட்டம்.
தேடவே இல்லை, அங்கேயே இருந்தது.

ஹால்வார் என் முகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே
தன் கையை நுழைத்தார்.
கட்டைவிரலையும் சேர்த்து ஐந்து விரற்கடை.
"இது இருந்தால் எவ்வளவு உதைத்தாலும் முகத்துக்கு வராது."
அடுப்புக்கும் கட்டிலுக்குமாக
நாலு தப்படி வீட்டில் ஒன்பது வருஷம்.
யாரும் அளந்து சொல்லவில்லை.

விலை, ஒரு வாரக் கூலியும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தைத் தள்ளிக் கொடுக்கச் சொன்னேன்.
முடியாது என்றார். சரி என்றேன்.

அவர் திருகு முடுக்கும்போது
ஒரு மடங்கில் வைத்து
ஜன்னல் வழியே மறுபடி பார்த்தேன்.
முப்பது படகுகள், எல்லாவற்றின் மேலும் ஒரே மழை.
ஒன்று நீலம்.

"இருபது குண்டு சுட்டுவிட்டு வாருங்கள்,
இன்னொரு முறை முடுக்குகிறேன்.
எதுவும் முதல் இருபதில்தான் தளரும்."

தையல் அரித்தது.
சொறியக்கூடாது என்றிருக்கிறார்கள்.
சொறிந்தேன்.