மிச்ச எண்பத்தேழரை

தாவடியில், மழை விட்ட ஒரு பின்னேரம்,
சப்பாத்தைக் கழற்ற முன்னமே வழக்குத் தொடங்கிவிட்டது.
"நூறு எண்டுதானே தம்பி கையெழுத்து வாங்கினனீர்?
படம் இறக்கேக்க பன்னிரண்டரைதான் காட்டுது.
மிச்ச எண்பத்தேழரையும் ஆற்றை வீட்டை போகுது?"

கிருபாலோஷினி. பார்மசியில் வேலை.
பகல் முழுக்கக் குளிசை எண்ணுகிற விரல்கள்.

நான் சொன்னேன்: அக்கா,
நாங்கள் விற்கிறது குளிசைக் கணக்கு,
உங்கட கொம்பியூட்டர் காட்டுறது மட்டைக் கணக்கு.
எட்டுப் பிற் ஒரு மட்டையில் அடைபட்டால் பைற்.
நூறை எட்டால் பிரியுங்கோ.

பிரித்தார். உதடுகூட அசையவில்லை.
"அப்ப விலையை ஏன் மட்டையில சொல்லயில்லை?"

உதிரியாய் எண்ணினால் தொகை பெருத்துத் தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.
விளம்பரத் தாளில் ஆங்கிலத்துச் சின்ன பி நின்றது,
பெரிய பி என்று அவர் வாசித்திருந்தார்.
ஓர் எழுத்தின் உயரத்துக்குள்
எட்டு மடங்கை ஒளித்துவைக்க முடிகிறது அங்கே.
நம்மிடம் எழுத்துக்கு உயரம் கிடையாது, நேரம்தான்.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
புள்ளி வைத்ததற்கு அரை.
ஒருமுறை கண்ணிமைத்தால் ஒரு மாத்திரை.

உள்ளறையில் இமைக்காமல் ஒருத்தி இருந்தாள்.
ஆரணி, ஒன்பதாம் வகுப்பு.
ஆளுக்கு ஒரு நிமிடம் என்று செஸ்.
எதிரில் ஐஸ்லாந்தில் யாரோ,
இருவருக்கும் நடுவே ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு சேர்வர்.
"இவளுக்காகத்தான் இருபதை நூறாக்கினது.
நல்லாத்தான் விளையாடுறாள். மணிக்கூடு தின்னுது."

ஆக்கச் சொன்னது நான்.
அன்றைக்கு மாதக் கடைசி,
இன்னும் மூன்று இணைப்பு விற்கக் கிடந்தது.

"அண்ணா," என்றாள், திரையை விட்டுத் திரும்பாமல்,
"குதிரையை நகர்த்த எத்தினை பைற் போகும்?"
பத்து இருபது, என்றேன்.
"அதுக்கேன் நூறு?
பருத்தித்துறை மினிபஸ்ஸில நாலு சீற் கூட்டிப் போட்டால்
பஸ் வெள்ளெனப் போய்ச் சேருமோ?"

சேராது.
ஒற்றை ஆள் ஏறினாலும் வல்லை வெளி அவ்வளவு தூரம்தான்.
நான் விற்றது சீற்.
அவளுக்கு வேண்டியிருந்தது தூரம் குறைய.

போய்வரும் நேரத்தை அளந்தேன்.
மில்லிசெக்கனில் முந்நூறு, இருநூற்றைம்பது,
அறுநூறு, திரும்ப நானூறு.
சராசரி நானூறு என்று வை, நாற்பது நகர்வு:
அறுபது நொடியில் பதினாறு
அவள் கை படாமலே செலவு.
றவுட்டர் முன்விறாந்தையில்,
அவள் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவருக்கு இந்தப் பக்கம்.
சுவரில் முட்டி முட்டி வருகிறது சிக்னல்.

பதினான்கு மீற்றர் வயர் எடுத்து
சாமியறை நிலைக்கு மேலால் இழுத்து ஆணி அடித்தேன்.
கணக்கில் எழுதவில்லை.
இருநூற்று நாற்பது. திரும்ப இருநூற்று நாற்பது.
ஒரு கண்ணிமைப்பு. அசையாமல் நின்றது.
"இதுக்குக் கீழை?"
"கீழை கடல்தான்."

அடுத்த ஆட்டம் பார்த்துக்கொண்டு நின்றேன்,
தேத்தண்ணி ஆறிப்போனது.
முப்பத்தோராவது நகர்வில் ராணியைக் கொடுத்தாள்,
மணிக்கூட்டில் பதினொரு நொடி மிச்சம் இருக்க.
கையை எடுத்து மடியில் வைத்தாள்.
"இது என்ர பிழை," என்றாள்,
ஏதோ வென்றவள் மாதிரி.

தாய் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.
"திரும்ப இருபதுக்கே மாத்தும்."
மனேஜர் கேட்பார். என்ன சொல்வதென்று யோசித்தபடி
பேனையை உதறினேன்.
"பொறும். இருபது என்ன எண்டு வடிவா எழுதும்.
தமிழில எழுதும்."