ஒரே மயக்கத்தில்

ட்ரியெஸ்தே நகரத்தில்
நாற்பது வருடம் பியானோ சுமந்த லிவியோவுக்கு
எழுபத்து நாலிலும் தோள் கல்.
தகராறு இடுப்புக்குக் கீழே.

இரவில் ஐந்து முறை
சுவரில் கை ஊன்றி முக்குவான்.
நாலு சொட்டு.
முக்கி முக்கித் தொடையிடுக்கில் எட்டிப்பார்த்தது குடல்,
வாடகை தராத குடித்தனக்காரன்
சன்னலில் தெரிவதுபோல.

“இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம்.
அடைப்பை எடுத்த கையோடு
வலை வைத்துத் தைத்துவிடுவோம்,” என்றாள் டாக்டர் ஸ்லாதா.

“பியானோவும் முக்காலியும் ஒரே நடையில்,”
என்றான் லிவியோ, சிரிக்காமல்.

குழாய் எடுத்த ஒன்பதாம் நாள், விடியாத நேரம்.
படுக்கையில் நெரீனா கண் திறந்தாள்.
“மழையா?”
“நான்தான்.”

பிறகு சந்தைக்குப் போனார்கள்.
ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது.
உருளைக்கிழங்குப் பையோடு அவள் படியேற,
பின்னால் அவன்,
வெறுங்கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.