ஆர்கான் இல்லாத இடம்

ஹெப்பாரின் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு
ஆய்வகக் கதவைத் தட்டினான்.
மேல்மாடியில் படுத்திருக்க வேண்டியவன்.
இடது கால், வலதைப்போல் ஒன்றரை மடங்கு.

"என் ரத்தத்தைப் பார்க்கணும்."

வைதோத்தாஸ். கிளைப்பேடா துறைமுகத்தில்
இருபத்தாறு வருஷம் கப்பல் வயிற்றுக்குள்
பற்றவைத்த ஆள்.
விதிப்படி கூடாது.
இரவு இரண்டரை மணி,
விதிக்கும் தூக்கம் வந்திருந்தது.

திரையைத் திருப்பினேன்.
கட்டிய ரத்தத்தின் ஃபைப்ரின் வலை:
மெல்லிய இழைகள், ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தான்,
இன்னொருவன் செய்த வேலையைப் பார்க்கும் கண்ணால்.

"யார் போட்ட தையல் இது?
கம்பி மெலிசு. இடைவெளியே இல்லை.
உளி இறங்காதே."

அதுதான் சிக்கல் என்றேன்.
கட்டியைக் கரைக்க வரும் நொதி
வாசலிலேயே நின்றுவிடுகிறது.

"ஆர்கான் எங்கே?" என்றான்.

எனக்குப் புரியவில்லை.
உருகிய தையல்மேல் ஆர்கான் வாயுவைப் போர்த்துவார்களாம்.
போர்த்தாவிட்டால் ஆக்சிஜன் புகுந்து
உள்ளே துளைதுளையாய் விழுமாம்.
"இரும்பு சூடாயிருந்தால் அவன் திருடன்,
ஆறிப்போனால் கடன்காரன்.
மெதுவா வந்து வாங்கிக்குவான்."

இருக்கிறது என்றேன், இங்கேயும் ஒரு வாயு.
ரத்தக்குழாயின் உட்சுவர் விடாமல் கசியவிடும்
நைட்ரிக் ஆக்சைடு.
தட்டணுக்களிடம் அது சொல்வது ஒரே சொல்:
ஒட்டாதே.
நுரையீரலில் படிந்த உலோகப்புகை கிளப்பிவிட,
ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் ஆக்சிஜன்
அந்தச் சொல்லை வாயிலிருந்தே பிடுங்கித் தின்கிறது.
பசி அடங்காமல்
வலை நெய்யும் புரதத்தையும் கடிக்கிறது.
கடிபட்ட புரதம் நெய்தால் இப்படியும் ஆகலாம்.

உங்கள் காலுக்கு இதுதான் காரணமென்று
என்னால் சத்தியம் செய்ய முடியாது.
படம் ஒன்று, ஆள் ஒருவர்.
சிகரெட் வேறு.

"சிகரெட்டை எதுக்கு இழுக்கறே" என்றான்.
சிரிக்கப் பார்த்தான்.

ஜன்னலுக்கு அப்பால், தண்ணீரைத் தாண்டி,
நிறுத்திவைத்த கப்பலின் விலாவில்
நீலவெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது.
"அது எய்மாண்டாஸ்.
விட்டுவிட்டு வருது பார், அவன் கைதான்.
புகையுறிஞ்சியைப் பக்கத்துல வைக்கவே மாட்டான், கழுதை.
கை இடிக்குதாம்."

பைஜாமா பையில் கைபேசியைத் தேடினான்.
ஹெப்பாரின் குழாய் முறுக்கிக்கொண்டது;
எடுத்துவிட்டேன்.

அங்கே மணி அடித்திருக்க வேண்டும்.
நீலம் நின்றது.
"நான்தான்" என்றான்.
பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல்
என் முகத்தைப் பார்த்தான்.