ஐந்நூறு குறைகிறது

கெய்சர் வீதியில் எனக்கொரு கண்ணாடிக் கூண்டு.
நாலடிக்கு மூன்றரை அடி.
உள்ளே ஒரு சுழல் கதிரை, மேசைக் காற்றாடி,
கை நுழையும் அளவில் அரைவட்ட ஓட்டை.
மேலே சிவப்பெழுத்தில் கேஷ்.
பொத்தானும் ஸிப்பும் மொத்தமாக வாங்க வருகிறவர்களுக்கு
என் பெயரும் அதுதான்:
"கேஷிடம் கட்டிவிட்டு வாங்க."

போன செவ்வாய்
டை கட்டிய ஒருவர்
இரண்டு குறோஸ் சட்டைப் பொத்தானுக்குத் தாளை நீட்டியபடி சொன்னார்:
"தங்கச்சி, அந்தப் பலகையில் இருப்பது நம்முடைய சொல்.
காசுதான் கேஷ். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான்."
மிச்சத்தை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டார்.
புறக்கோட்டையில் யாரும் மிச்சம் எண்ணாமல் போவதில்லை.
ஆகவே நம்பினேன்.

மூன்று நாள்
பலகைக்குக் கீழே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மூட்டை இறக்கும் சிவனுவிடமும் சொன்னேன்.
"அப்ப வாடகை கேளுங்களேன் அக்கா" என்றான்
லேஸ் கட்டைத் தோள் மாற்றிக்கொண்டே.
அவனை இங்கே எல்லோரும் நாட்டாமி என்பார்கள்.
ஊருக்குத் தீர்ப்புச் சொன்ன நாட்டாமை
கடல் கடந்து வந்து
தலையில் சும்மாடு வைத்துக்கொண்டது எப்போது?
அவனுக்கும் தெரியாது.
சொற்களும் இறங்கிப்போகும் போல.

வெள்ளி இரவு, கொட்டாஞ்சேனை அறையில்
போனில் அகராதியைத் திறந்தேன்.
காசு இல்லை.
பெட்டி.
பிரெஞ்சுக்காரனும் இத்தாலிக்காரனும்
பணம் பூட்டி வைத்த பெட்டியின் பெயர்
இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து
பெட்டியைக் கைவிட்டு
உள்ளே இருந்ததைப் பிடித்துக்கொண்டதாம்.
கள்ளநோட்டைப் பிடித்தபடி
தந்த முகத்தைத் தேடுவதுபோல்
டை கட்டியவரை நினைத்தேன்.

விரல் தவறிக் கீழே இறங்கியது.
அதே எழுத்து, அதே ஒலி, இரண்டாவதாக இன்னொரு கேஷ்:
கீழைத்தேயச் சில்லறை நாணயம், மதிப்புக் குறைந்தது.
அது நம்முடையது.
காசு என்று ஒருவன் சொல்ல
கப்பலில் வந்த போர்த்துக்கேயன் காதில்
அவன் ஊர்ப் பெட்டியின் பெயராக விழுந்திருக்கிறது.
நாணயத்தை நீட்டினான் ஒருவன்,
பெட்டி என்று எழுதிக்கொண்டான் மற்றவன்.
கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும்
விட்டுப்போனவன்தான்.
அவற்றை நாங்கள் மட்டும் சரியாகவா கேட்டோம்?

சனி மாலை கணக்கு முடிக்கிறேன்.
ஐந்நூறு குறைகிறது.
லாச்சியை முழுதாக இழுத்துக் குனிந்து பார்த்தேன்.
(லாச்சி ஒல்லாந்தச் சொல். அதற்காக
ஒல்லாந்தன் வந்து குறைந்ததைப் போடப்போவதில்லை.)
ரப்பர் வளையம், துருவேறிய ஊசி,
எந்தக் கடையும் வாங்காத இருபத்தைந்து சதம்.
திரும்ப எண்ணினேன். திரும்பவும்.
பவுசர் முதலாளி வாய் திறக்கவில்லை,
சுவரில் ஒட்டிய தாளைக் கண்ணால் காட்டினார்:
குறைந்தால் கேஷ் பொறுப்பு.
அந்த வரியில் கேஷ் என்றால் நான்.

பஸ்ஸுக்கும் பாணுக்கும் வைத்திருந்தது,
நாலாக மடித்த ஒற்றைத் தாள்.
மேசை விளிம்பில் நீவி மடிப்பெடுத்தேன்.
கைப்பைக்குள் இருந்தவரை அது காசு.
லாச்சிக்குள் வைத்துத் தள்ளியதும்
கேஷ்.
கணக்கு சரி.

சிவனு இரும்புக் கதவை இழுத்து இறக்கினான்.
"நடந்தா போறீங்க?"
நடந்துதான்.
செட்டியார் தெருவில் நகைக்கடைகள்
ஒவ்வொன்றாக விளக்கணைக்கின்றன.
இன்று காலை பதினொரு மணிக்கு
ஸிப் வாங்க அவர் மறுபடி வந்திருந்தார்.
பெட்டி விஷயத்தை நான் சொல்லவில்லை.
சிரித்தார், மிச்சத்தை வாங்கினார்,
இன்றும் எண்ணவில்லை.
அரைவட்ட ஓட்டை வழியே
எவ்வளவு நீட்டினேன் என்று
கொட்டாஞ்சேனை ஏற்றத்தில்தான்
முதல்முறை யோசித்தேன்.